பழுத்த இலையும் பிஞ்சுக் கையும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், சிறு பிள்ளைகளின் கைவேலை தொடர்பான ஐயங்களை எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தேன். பினாங்குத் தீவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் வந்த கடிதங்களுள் பல, இலையுதிர் காலத்து இலையைத் தாளில் செய்வதைப் பற்றியே இருந்தன. அந்தப் பருவமே இல்லாத நாட்டில் இத்தனை பேர் அதைக் கேட்டிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் பாலர் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் வகுப்பில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 18 பேர் இருக்கிறார்கள். ‘பருவங்கள்’ என்னும் தலைப்பு வந்தபோது, மேப்பிள் இலையின் கோட்டுருவத்தை நகலெடுத்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். பலகையில் ஒட்டியிருந்த மாதிரியைப் பார்த்து எல்லாரும் ஒரே ஆரஞ்சு வண்ணத்தைத் தீட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் என்னிடம் வந்து, “டீச்சர், இந்த இலை ஏன் பச்சையா இல்ல? அதுக்குக் காய்ச்சலா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. செலவு அதிகமாகாமல், பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய எளிய தாள் வேலை ஒன்றைச் சொல்ல இயலுமா?
– ஓர் ஆசிரியை, பாயான் லெப்பாஸ்

பதில்: அந்தச் சிறுமி கேட்டதுதான் இந்தப் பாடத்தின் முதற்கேள்வி, அதற்கு விடை தெரியும்படி கைவேலையை அமைத்துவிட்டால் வேறு விளக்கம் அதிகம் தேவைப்படாது. இலை பச்சையாக இருப்பதற்கு அதிலுள்ள பச்சையமே காரணம். கனடா, ஜப்பான், கொரியா, ஐரோப்பா போன்ற குளிர் நிலங்களில் செப்டம்பர் இறுதியிலிருந்து பகற்பொழுது விரைவாகக் குறுகி இரவுகள் குளிரும்போது, மரங்கள் புதிய பச்சையம் உண்டாக்குவதை நிறுத்துகின்றன. இருந்த பச்சையமும் சிதைந்து போகிறது. கோடை முழுவதும் அதே இலைக்குள் பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் நிறமி அப்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. மேப்பிள் போன்ற மரங்கள், இலையில் எஞ்சியிருக்கும் சர்க்கரையைக் கொண்டு, அந்த நாள்களில் சிவப்பைப் புதிதாக உண்டாக்குகின்றன. பிறகு காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு மெல்லிய அடுக்கு வளர்ந்து வழியை அடைக்க, இலை உதிர்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. மஞ்சள் உள்ளேயே இருந்தது, பச்சை போனதும் தெரிந்தது என்ற அளவில் சொன்னால் போதும்.

அதைக் கையாலேயே காட்டிவிடலாம். முதல் நாள், பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, கெத்தாப்பாங் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளை ஆளுக்கொன்றாகப் பொறுக்கச் சொல்லுங்கள். நாட்டுவாதுமை என்று தமிழில் வழங்கும் இந்த மரம் பினாங்கின் கடற்கரையோரங்களிலும் அடுக்குமாடி வீடுகளின் வாகன நிறுத்துமிடங்களிலும் தாராளமாக நிற்கிறது. அதன் இலை ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். காம்புப் பக்கம் குறுகி நுனிப் பக்கம் அகன்றிருக்கும். உதிர்வதற்கு முன்னர் மஞ்சளாகவும் செம்பு நிறமாகவும் நல்ல சிவப்பாகவும் மாறும். சில சமயம் ஓர் ஆண்டில் இரண்டு முறை கூட இலை கொட்டும் மரம் அது. நம் பிள்ளைகள் காலடியில் மிதித்துக்கொண்டு போகும் இந்த இலையை விட்டுவிட்டு, கண்ணால் காணாத மேப்பிளின் கோட்டுருவத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேப்பிள் பிறகு வரட்டும்.

மொறுமொறுவென்று காய்ந்துபோனவற்றைத் தவிர்த்து, அண்மையில் விழுந்த வளையக்கூடிய இலைகளாகத் தேர்ந்தெடுங்கள். வகுப்பறைக்குத் திரும்பியதும், இலையின் அடிப்பக்கம் மேலே இருக்குமாறு மேசைமீது வைத்து, அதன்மேல் மெல்லிய மஞ்சள் வண்ணத்தாளை விரித்து, மெழுகு வண்ணக்கோலின் காகித உறையை உரித்துப் படுக்கைவாட்டில் பிடித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பழுப்பு வண்ணம் பொருத்தமாக இருக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. நான்கைந்து தேய்ப்பில் நடு நரம்பு ஒரு கோடாக எழும். அதன் பின்னர் பக்க நரம்புகள் ஒவ்வொன்றாக வந்து, விளிம்பை நெருங்கும்போது மெல்ல வளைவதுகூடத் தாளில் பதிந்துவிடும். கெத்தாப்பாங் இலையின் அடிப்பக்கத்து நரம்புகள் நன்கு புடைத்திருப்பதால் நான்கு வயதுக் கைகூட இதைச் செய்துவிடும். இலையும் தாளும் நகராமல் இருக்க, காம்பின் மீது மட்டும் ஒரு துண்டு ஒட்டுநாடாவைப் போட்டு மேசையோடு பிடித்து வையுங்கள். மணிலா அட்டையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அதன் கனத்தில் நரம்பு பதியாது.

மறுநாள், தேய்த்த உருவத்தின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் பிள்ளைகள் வெட்டட்டும். கோட்டின் மீதே வெட்ட வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். செலோபேன் எனப்படும் பச்சைக் கண்ணாடித் தாளை, இலையைவிடச் சற்றுப் பெரிதாக நீங்களே முன்கூட்டி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது பிஞ்சுக் கைகளின் கத்தரியில் வழுக்கிக்கொண்டு போகும். அதை மஞ்சள் இலையின்மேல் வைத்துக் காம்பருகில் மட்டும் ஒட்டுநாடாவால் ஒட்டினால், இலை பச்சையாகத் தெரியும். பிள்ளை நுனியைப் பிடித்துத் தூக்கினால் பச்சை போய் மஞ்சள் வெளிப்படும். என் பேரனோடு இதை முதன்முதலாகச் செய்தபோது, அவன் ஒன்றும் பேசாமல் தூக்கினான், மூடினான், மறுபடியும் தூக்கினான். பிறகு கண்ணாடித் தாளின் அடியில் விரலை விட்டு, அந்த விரலும் பச்சையாகிறதா என்று பார்த்தான். அவன் பார்த்து முடிக்கும்வரை நான் விளக்கத்தைத் தொடங்கவில்லை. உங்கள் வகுப்பிலும் அந்த இடத்தில் சிறிது நேரம் பேசாமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியாக, சிவப்பு மெழுகு வண்ணக்கோலைக் கொடுத்து, “மஞ்சள் முன்னமே இருந்தது, சிவப்பை மரம் இப்போது உண்டாக்குகிறது. நீங்களும் உண்டாக்குங்கள்” என்று சொல்லுங்கள். ஒருவர் நுனியில் மட்டும் தீட்டுவார், ஒருவர் இலை முழுவதும் தீட்டுவார். மாதிரி எதையும் பலகையில் ஒட்டாதீர்கள். 18 பிள்ளைகளுக்கு 18 வகை இலை கிடைக்கும். உதிர்ந்து கிடக்கும் கெத்தாப்பாங் இலைகளும் அப்படித்தானே இருக்கின்றன.

கேள்வி: எனக்கு 71 வயது. செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மணமான பின்னரும் அங்கேயே மரம் சீவியவள். தை, மாசி மாதங்களில் மரமெல்லாம் பழுத்து, இலை கொட்டி, காடே வெறுமையாக நிற்கும். சருகின்மேல் நடந்தால் ஓசை பெரிதாகக் கேட்கும். பாலர் பள்ளியில் படிக்கும் என் பேத்தி, நம் நாட்டில் இலையுதிர் காலம் கிடையாது என்கிறாள். அப்படியானால் நான் கண்டது என்ன? அந்த இலையை அவளுக்குத் தாளில் செய்து காட்ட முடியுமா?
– ஒரு பாட்டி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, நீங்கள் கண்டதும் இலையுதிர்வுதான், பேத்தி சொல்வதும் தவறில்லை. குளிர் நாட்டு மரங்கள் பகல் குறுகுவதையும் குளிர் வருவதையும் உணர்ந்து இலையை விடுகின்றன. டொரொன்டோ நகரில் ஜூன் மாதத்தில் பகற்பொழுது 15 மணி நேரத்திற்கும் மேல் நீள்கிறது. டிசம்பரில் ஏறக்குறைய 9 மணி நேரமாகச் சுருங்குகிறது. பினாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே முக்கால் மணி நேர வேறுபாடுகூட இல்லை. ஆகவே நம் நாட்டில் மரங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பழுக்கும் பருவம் கிடையாது. ஆனால் ரப்பர் மரம், வடக்கு மாநிலங்களில் மழை குறையும் ஆண்டுத் தொடக்கத்து மாதங்களில், தன் இலை முழுவதையும் சில வாரங்களில் உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத் தளிரை விடுகிறது. அந்நாள்களில் பால் குறைவதும், சில தோட்டங்களில் வெட்டை நிறுத்தி மரத்திற்கு ஓய்வு கொடுப்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமேசான் காட்டைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தின் நாற்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. அவற்றின் வழிவந்த மரங்களின் நிழலில்தான் நம் மக்களின் மூன்று, நான்கு தலைமுறைகள் கழிந்தன. பேத்திக்கு இலையுதிர்வைச் சொல்லிக் கொடுக்க உங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.

செய்முறை எளிது. ரப்பர் இலை என்று நாம் சொல்வது, ஒரே நீண்ட காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேர்ந்து நிற்பது. அந்த மூன்றையும் செய்தால்தான் அது ரப்பர் இலையாகும். விரல் நீளத்தில் இரண்டு மடங்கு இருக்கும் செவ்வகத் துண்டு மூன்று எடுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் சரிபாதியாக மடியுங்கள். மடித்த ஓரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வில் போல ஒரு வளைகோடு போட்டு, அதன்மேல் பேத்தி வெட்டட்டும். விரிப்பதற்கு முன்னர், மடித்தபடியே வைத்துக்கொண்டு, காம்பு முனையிலிருந்து நுனிவரை சாய்வாகச் சிறு சிறு மடிப்புகளாக, ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாக விசிறி மடிப்பதுபோல் மடித்து, நகத்தால் அழுத்தி விடுங்கள். பிறகு விரித்தால் நடுவில் ஒரு நரம்பும், அதிலிருந்து இரு பக்கமும் சாய்ந்து செல்லும் நரம்புகளும் தாமாகவே தோன்றியிருக்கும். சிறு பிள்ளைகள் மிகவும் விரும்பும் இடம் இதுதான். செய்தித்தாள் கீற்று ஒன்றை இறுக முறுக்கிக் காம்பாக்கி, மூன்று சிற்றிலைகளையும் அதன் நுனியில் நூலால் கட்டிவிடுங்கள்.

வண்ணத்தை நீங்கள் சொல்லுங்கள், அவள் தேர்ந்தெடுக்கட்டும். முதலில் மரம் எந்த நிறத்துக்கு மாறியது, எந்த நிறத்தில் கொட்டியது, தளிர் எந்த நிறத்தில் வந்தது என்று உங்கள் நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால், மூன்று கொத்து இலைகளில் தோட்டத்தின் மூன்று மாதங்களும் வந்துவிடும். இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள்: கனடாவிலும் மேப்பிள் மரத்தில் துளையிட்டு, வாளி தொங்கவிட்டுச் சாறு இறக்குவார்கள், ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். பாட்டி செய்த வேலைக்கு அங்கும் ஓர் உறவு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. இடக்கைப் பழக்கம் உள்ளவன். இலை வடிவத்தை வெட்டச் சொன்னால் தாள் கத்தரிக்குள் மடிந்துகொள்கிறது, அழுது விடுகிறான். வலக்கைக்கு மாற்றிப் பழக்கலாமா?
– ஒரு தந்தை, ஆயர் ஈத்தாம்

பதில்: கையை மாற்றாதீர்கள், தம்பி. கத்தரியை மாற்றுங்கள். நாம் வழக்கமாக வாங்கும் கத்தரிக்கோலில் வலப்பக்கத்து அலகு மேலே இருக்கும். வலக்கையால் பிடித்து அழுத்தும்போது இரு அலகுகளும் ஒன்றோடொன்று நெருங்கித் தாளை வெட்டுகின்றன. இடக்கையால் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடுகிறது. தாள் மடிவதற்குக் காரணம் அதுதான். போதாக்குறைக்கு, வெட்ட வேண்டிய கோட்டை மேலலகு மறைத்துவிடுகிறது. இடக்கைக்காரர்களுக்கென்றே அலகுகளை மாற்றி அமைத்த கத்தரிகள் எழுதுபொருள் கடைகளில் கேட்டால் கிடைக்கும். முனை மழுங்கியதாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பிறகும் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். பெருவிரல் மேலே நோக்கி இருக்க வேண்டும். வளைவு வரும்போது கத்தரி நேராக நிற்க, மறு கையிலுள்ள தாள்தான் திரும்ப வேண்டும். மேலும், இடக்கைப் பிள்ளை கடிகார முள் சுற்றும் திசையில் வெட்டிச் சென்றால் கோடு அவன் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வலக்கைப் பிள்ளைக்கு எதிர்த்திசை. வலக்கை ஆசிரியர் ஒருவர் தம் வழக்கப்படி காட்டிக் கொடுத்தால், உங்கள் மகனுக்கு எல்லாமே தலைகீழாகத்தான் வரும். இதை அவனுடைய பள்ளியிலும் எடுத்துச் சொல்லுங்கள்.

புதிய கத்தரி வரும்வரை கிழித்துச் செய்யட்டும். கிழிப்பது மட்டமான வேலை என்று எண்ணிவிடாதீர்கள். வெட்டுவதற்குத் தேவையான விரல் வலிமை அதில்தான் வருகிறது. இரு பெருவிரல் நகங்களும் ஒன்றையொன்று தொடும்படி தாளைப் பிடித்து, ஒரு கையைத் தன் பக்கமும் மறு கையை வெளிப்பக்கமுமாகச் சிறிது சிறிதாக நகர்த்தச் சொல்லுங்கள். பழைய வார, மாத இதழ்களின் வண்ணப் பக்கங்களில் மஞ்சள், சிவப்பு, பழுப்பு உள்ள இடங்களைத் தேடிப் பிடித்து, நகத்தளவு துண்டுகளாகக் கிழித்து, அட்டையில் வரைந்த ஓர் இலைக்குள் ஒட்டி நிரப்பலாம். தாளைக் கிழித்த இடத்தில் தோன்றும் வெள்ளை விளிம்பு, பழுத்த இலையின் உலர்ந்த ஓரத்தைப் போலவே இருக்கும். கத்தரியால் அந்த அழகைக் கொண்டுவர முடியாது.

கேள்வி: மெல்பர்னிலுள்ள என் அக்காள் மகள், ஏப்ரல் மாதத்தில் சிவந்த இலைகளின் படங்களை அனுப்புகிறாள். இலையுதிர் காலம் செப்டம்பரில் என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்?
– ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பருவங்கள் மாறி வரும். ஆஸ்திரேலியாவில் மார்ச் முதல் மே வரை இலையுதிர் காலம். செப்டம்பரில் அங்கே வசந்தம் தொடங்கும். அந்த நாட்டுக்கே உரிய யூகலிப்டஸ் மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்க, ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் வைத்த ஓக், எல்ம் போன்ற மரங்களே பெரும்பாலும் நிறம் மாறுகின்றன. அந்தப் படங்களைத் தாளில் அச்சிட்டு, பிள்ளைகள் செய்த இலைகளோடு சேர்த்து ஒட்டுங்கள். உறவினர் அனுப்பிய இலை என்றால் பிள்ளைகள் உற்றுப் பார்ப்பார்கள்.

கேள்வி: மேப்பிள் இலையையே செய்ய வேண்டும் என்று என் மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். எனக்கு வரையத் தெரியாது. எளிய வழி உண்டா?
– ஒரு தாய், நிபோங் திபால்

பதில்: உண்டு. மகளின் கையே அச்சு. ஆரஞ்சு அல்லது சிவப்புத் தாளின்மேல் உள்ளங்கையை வைத்து விரல்களை நன்கு விரிக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து, ஒவ்வொரு விரலின் நுனியையும் கூராக்கி, விரல்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களைப் பாதி அளவுக்கு நிரப்பி வரைந்துவிட்டால், ஐந்து மடல் கொண்ட இலை கிடைத்துவிடும். மணிக்கட்டின் பக்கத்தைக் குறுக்கிக் காம்பாக்குங்கள். ஜப்பானியர் மேப்பிள் மரத்தைக் ‘கயேதே’ என்று அழைக்கிறார்கள்; தவளையின் கை என்னும் பொருளுடைய பழைய சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இலையைக் கையாகப் பார்த்தவர்கள் வேறு நாட்டிலும் இருக்கிறார்கள் என்று மகளிடம் சொன்னால் மகிழ்வாள். வீட்டின் பின்புறம் மரவள்ளி இருந்தால் அதன் இலை ஒன்றைப் பறித்து அருகில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். காம்பின் நுனியிலிருந்து விரல்களாகப் பிரியும் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

கனடாவின் கொடியில் உள்ளது 11 முனைகள் கொண்ட, எளிமையாக்கப்பட்ட மேப்பிள் இலை. 1965 பிப்ரவரி 15ஆம் நாள் முதல் அந்தக் கொடி பறக்கிறது. மகள் சற்று வளர்ந்த பிறகு, தாளை நடுவில் மடித்துப் பாதி இலையை மட்டும் வரைந்து அந்த 11 முனைகளையும் வெட்ட முயலலாம். நடு முனை மடிப்பின்மேல் வர, மறு பக்கம் ஐந்து முனைகளை வெட்டினால் விரிக்கும்போது கணக்குச் சரியாக வந்துவிடும். ஐந்து வயதில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: உண்மையான இலைகளை அட்டையில் ஒட்டினோம். இரண்டே வாரத்தில் பூசணம் பிடித்து, எறும்பும் வந்துவிட்டது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், பாலிக் புலாவ்

பதில்: ஈரம் போகாத இலையை ஒட்டியிருக்கிறீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் இலை தானாக உலர்ந்துவிடும் என்று நம்ப முடியாது. செய்தித்தாள்களுக்கு இடையில் இலையை வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்தித்தாளை மாற்றி, ஏழு முதல் பத்து நாள் கழித்து எடுங்கள். எறும்பு வந்தது மாவுப் பசைக்காக இருக்கலாம். மாவுப் பசை பயன்படுத்துவதானால், ஒரு பங்கு மைதாவை ஒரு பங்கு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூன்று பங்கு கொதிநீரை ஊற்றிச் சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறி, அன்றன்றைக்கே பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். பழைய நாளில் புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு, அது நஞ்சு. பிள்ளைகள் விரலால் தொட்டு ஒட்டும் பசையில் எக்காரணம் கொண்டும் அதைச் சேர்க்கக் கூடாது. காய்ந்த கெத்தாப்பாங் இலை மிஞ்சினால் எறிய வேண்டாம். சண்டை மீன் வளர்ப்பவர்கள் தொட்டி நீரில் போட அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: ‘இலையுதிர் காலம்’ என்னும் சொல்லைத் தவிரத் தமிழில் இந்தப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்க வேறு சொற்கள் உள்ளனவா? மொழிப் பாடமாகவும் அமைய வேண்டும் என விரும்புகிறேன்.
– தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், பிறை

பதில்: ஏராளமாக உள்ளன. நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள். இலை உதிர்வதைப் பெயராகக் கொண்ட பொழுது அவற்றுள் இல்லை. குளிர் நாடுகளின் நான்கு பருவங்களைச் சொல்ல வேண்டி வந்தபோதுதான் ‘இலையுதிர் காலம்’ வழக்குக்கு வந்தது. ஆனால் பருவத்துக்குப் பெயர் வைக்காத நம் மொழி, இலையின் ஒவ்வொரு வயதுக்கும் பெயர் வைத்திருக்கிறது: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. இந்த ஐந்தையும் ஒரே கயிற்றில் கோத்துத் தோரணமாகக் கட்டச் செய்யுங்கள். கொழுந்துக்கு வெளிறிய பச்சையில் சுண்டுவிரல் அளவு இலை, தளிருக்கு மாந்தளிரின் செம்பு நிறம், இலைக்குக் கரும்பச்சை, பழுப்புக்கு மஞ்சள். சருகுக்கு மட்டும் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளைக் கொடுத்து, வெட்டிய பிறகு கையில் வைத்துக் கசக்கி விரிக்கச் சொல்லுங்கள். கசங்கும் ஓசையைக் கேட்ட பிள்ளைக்குச் ‘சருகு’ என்னும் சொல் மறக்காது. காம்பு, நரம்பு, விளிம்பு, நுனி ஆகிய சொற்களும் வேலை செய்யும்போதே வாயில் வந்துவிடும்.

ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மரபுச் சொற்களையும் சேர்க்கலாம். வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை, வேம்புக்குத் தழை, தாழைக்கு மடல், நெல்லுக்குத் தாள். இவற்றுள் ஓலையும் மடலும் தாளும் எழுதுபொருளின் பெயர்களாகவும் ஆகிவிட்டன. நெல்லின் தாளைச் சொல்லிவிட்டுக் கையிலுள்ள வண்ணத்தாளைக் காட்டி, இரண்டுக்கும் ஒரே பெயர் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடம் பிள்ளைகளே பேசுவார்கள்.

கேள்வி: என் மகள் செய்த இலை ஊதா நிறத்தில் இருக்கிறது. நடுவில் மூன்று ஓட்டைகள் வேறு. பள்ளியில் காட்சிக்கு வைப்பதற்கு முன்னர் நான் கொஞ்சம் திருத்திக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், ஜெலுத்தோங்

பதில்: திருத்த வேண்டாம், சகோதரி. ஓட்டை எப்படி வந்தது என்று அவளிடமே கேளுங்கள். புழு தின்றது என்பாள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பாருங்கள், புழு தின்னாத இலை எத்தனை கிடைக்கிறது? ஊதாவும் பொய்யில்லை, சில மரங்களில் சிவப்பு நிறமி மிகுந்து இலை கருஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் தோன்றுவதுண்டு.

நான் பாலர் பள்ளியில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில், பெற்றோர் தினக் காட்சிக்காக இரவு முழுவதும் விழித்து 20 இலைகளை நானே நேர்த்தியாக வெட்டிக் கொண்டுபோனேன். பிள்ளைகள் ஒட்ட மட்டும் செய்தார்கள். மறுநாள் ஒரு தாய் ஆவலோடு, “இதில் உன்னுடையது எது?” என்று தன் மகனைக் கேட்டார். அவன் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தெரியல. எல்லாம் டீச்சர் செஞ்சது” என்றான். அந்தப் பிள்ளையின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு நான் பிள்ளைகளின் வேலையில் கத்தரி வைத்ததில்லை.

உங்கள் மகளின் இலையை அப்படியே அனுப்புங்கள். பின்பக்கத்தில், காம்பின் ஓரமாக, அவள் பெயரையும் தேதியையும் பென்சிலால் சிறிதாக எழுதி வையுங்கள். பெயரை அவளே எழுதத் தெரிந்தவளானால் அதையும் அவளிடமே விட்டுவிடுங்கள்.